பிழையின் அளவு

1

மறக்கப்பட்டவர்களை மீட்டெடுப்பது நம்மிடையே ஒரு தனித்தொழிலாகிவிட்டது. நூற்றாண்டு வந்தால் மலர். மலரில் பத்துக் கட்டுரை. பத்திலும் ஒரே அங்கலாய்ப்பு: இவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. உரிய இடம் என்பது எது, அதை அடைந்தவர்கள் எந்த வழியாக அடைந்தார்கள் என்ற கேள்விக்குள் யாரும் இறங்குவதில்லை. பீடத்தில் இருக்கும் சிலையை இறக்கி வேறொன்றை ஏற்றிவிட்டால் நியாயம் வழங்கப்பட்டதாகிவிடுகிறது. பீடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விமர்சனம் என்று ஒன்று இருக்குமானால் அது பார்க்கவேண்டியது பீடத்தைத்தான்.

இலக்கியத்துக்கு வெளியிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியத்துக்குள் எடுத்தால் உடனே யார் எந்தக் கட்சி என்ற பேச்சு வந்துவிடும்.

அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடந்துவிடுவதென்று 1914இல் கிளம்பிய ஷாக்கிள்டனின் கதை ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஏதோ ஒரு வடிவத்தில் தெரிந்திருக்கும். 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் பனியில் சிக்கிக்கொண்டது, நவம்பரில் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் மாதக்கணக்கில் பனிப்பாளங்களின்மேல் வாழ்ந்து, 1916 ஏப்ரலில் சிறு படகுகளில் எலிஃபண்ட் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அது யாரும் வராத தீவு. ஆகவே ஆறு பேர் மட்டும் இருபத்திரண்டரை அடி நீளப் படகு ஒன்றில் ஏறி, உலகத்திலேயே மோசமான கடல் என்று சொல்லப்படும் பரப்பில் சுமார் 800 கடல் மைல் போய், தெற்கு ஜார்ஜியாத் தீவை அடைந்தார்கள். அங்கே திமிங்கில வேட்டைக்காரர்களின் குடியிருப்பு இருந்தது. தீவில் விடப்பட்ட 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று மீட்கப்பட்டார்கள். அந்தக் கப்பலில் போனவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபக்கத்தில் உணவுக் கிடங்குகள் வைக்கப் போன அணியில் மூவர் இறந்தார்கள். அவர்கள் இந்தக் கதையில் அடிக்குறிப்பு.

படகில் இருந்த ஆறு பேரில் ஒருவர் ஃபிராங்க் வொர்ஸ்லி, நியூசிலாந்துக்காரர், மூழ்கிய கப்பலின் காப்டன். தெற்கு ஜார்ஜியாவை அந்தக் கடலில் கண்டுபிடித்தது அவருடைய கணக்கு. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்டால் அளந்தால் அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகைக்கு நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். கடிகாரம் நாலு வினாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை பிசகும். வொர்ஸ்லிக்குக் கிடைத்த சூரியன் அந்தப் பதினாறு பதினேழு நாளில் நாலே தடவைதான். அதுவும் அலையின் முகட்டுக்குப் படகு ஏறும் கணத்தில், இருவர் இவரைப் பிடித்துக்கொள்ள, மேகத்தின் இடுக்கில் மங்கலாகத் தெரிந்த ஒரு வட்டம். மற்ற நேரமெல்லாம் உத்தேசம்: இன்ன திசையில், இன்ன வேகத்தில், இத்தனை மணி நேரம். நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்களில் பென்சிலால் போட்ட கணக்கு.

இதை இன்று பலரும் எழுதிவிட்டார்கள். 'ஷாக்கிள்டனைக் காப்பாற்றிய, வெளியே தெரியாத மாலுமி' என்று தலைப்புப் போட்டுக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் வொர்ஸ்லி எப்படி வருகிறார் என்று கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு செக்ஸ்டன்டை உயர்த்தும் வீரன். ஊழிக் காற்றில் அசையாத கண். அதாவது இன்னொரு ஷாக்கிள்டன். பெயர் மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை.

வொர்ஸ்லி செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கரை நெருங்கும் சமயத்தில் அவர் ஷாக்கிள்டனிடம் சொன்னது, 'இங்கேதான் இருக்கிறோம்' என்பதல்ல. பத்து மைல் அளவுக்குள் நமது இடத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதுதான். முடிவு அதிலிருந்து பிறந்தது. குடியிருப்புகள் தீவின் கிழக்குப் பக்கத்தில் இருந்தன. சுற்றிக்கொண்டு நேரே அங்கே போகப் பார்த்து, தீவு கண்ணில் படாமல் தவறிவிட்டால், மேற்குக் காற்று படகை அட்லாண்டிக்கின் வெற்றுவெளிக்குள் தள்ளிவிடும். திரும்பி வர முடியாது. ஆகவே மேற்குக் கரைக்கே போவது, பிறகு நடுவிலுள்ள மலைகளைக் கால்நடையாகக் கடப்பது. மே 10 அன்று கரையேறினார்கள். 28 உயிர்களும் தங்கியிருந்தது ஒரு நிச்சயத்தின்மேல் அல்ல. அளவு சொல்லப்பட்ட ஒரு சந்தேகத்தின்மேல்.

நாயகக் கதையால் தாங்க முடியாதது இதைத்தான். மறக்கப்பட்ட நாயகனின் கதையாலும்தான்.

2

நம்முடைய பள்ளி இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது ஒரு பாகுபாடு சொல்வார்கள். அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் ஏவுதல் கருத்தா. தச்சன் கட்டினான் என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா. எழுவாய் இடத்தில் யாரை வைத்தாலும் வாக்கியம் பிழையில்லை. நமது மெய்க்கீர்த்திகள் முழுவதும் ஏவுதல் கருத்தாவினால் ஆனவை. தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கும் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு, 1025ஐ ஒட்டிய கடல்கடந்த படையெடுப்பில் கொள்ளப்பட்ட ஊர்களை ஸ்ரீவிஜயம், பண்ணை, கடாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. கலங்களைச் செலுத்தியவன் அங்கே அரசன். வங்கக் கடலின் நடுவில் இரவில் எந்த நட்சத்திரத்தைப் பிடித்து யார் திசை சொன்னார்கள் என்பதற்கு அந்த வாக்கிய அமைப்பில் இடமே கிடையாது. அது கல்வெட்டு எழுதியவனின் வஞ்சகம் அல்ல. அந்த உருவத்தின் குணம்.

தேவாரத் தலங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். பாடல் பெற்ற தலம் ஒன்று. வைப்புத் தலம் இன்னொன்று. தனக்கென்று பதிகம் இல்லாமல், வேறொரு தலத்தின் பதிகத்தில் பெயர் மட்டும் வந்துபோகும் ஊர் வைப்புத் தலம். வொர்ஸ்லி போன்றவர்கள் பாடப்படாதவர்கள் அல்ல, வைப்புத் தலங்கள். ஷாக்கிள்டனின் 1919ஆம் வருஷத்துப் புத்தகத்தில் வொர்ஸ்லி வருகிறார், மறைக்கப்படவில்லை. ஆனால் பதிகம் அவர்மேல் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் புத்தகத்தின் 'நான்'கூட எட்வர்ட் சாண்டர்ஸ் என்ற பத்திரிகைக்காரர் கேட்டு எழுதிக் கொடுத்தது. பதிகம் பாடியவரே வைப்புத் தலம் ஆகிவிடுகிற விசித்திரம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். தாம்பரம் மின்ரயிலில் போகிறவர்கள் தினமும் பரங்கிமலையைக் கடக்கிறார்கள். அந்த மலையருகே 1802இல் நடந்த காரியத்தின் தலைவர் வில்லியம் லாம்ப்டன். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவருக்கு ஒரு வொர்ஸ்லி கணம் நேர்ந்திருக்கிறது.

1799 ஏப்ரல், திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர், சீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஜெனரல் பெயர்டின் அணி இரவில் நடந்துகொண்டிருக்கிறது. லாம்ப்டன் அந்தப் பிரிவில் பிரிகேட் மேஜர். வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்த லாம்ப்டன், நாம் போவது வடக்கே அல்ல, தெற்கே, எதிரியின் பக்கமாக, என்று ஜெனரலிடம் சொல்கிறார். பெயர்ட் முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டி பார்த்ததும் அணி திரும்பியது. அந்த அட்சரேகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரியில்தான் நிற்கும். ஒரு தோப்பு போதும் அதை மறைக்க. ஆனால் ஏப்ரல் மாத முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கில் உயர்ந்திருக்கும். அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வடக்கே போக முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

இந்தக் கணத்தை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை. தீட்டப்பட்டது வேறு. சீரங்கப்பட்டணம் மே 4 அன்று விழுந்தது. தாக்குதலை நடத்தியவர் பெயர்ட். இறந்துகிடக்கும் திப்புவைப் பெயர்ட் கண்டுபிடிக்கும் காட்சியை டேவிட் வில்கி 1839இல் பெரிய திரையில் வரைந்தார். விளக்கொளி, கீழே உடல், நடுவே நிமிர்ந்து நிற்கும் ஜெனரல். ஓவியத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. இருட்டில் ஒருவன் அண்ணாந்து பார்த்து, பக்கத்திலிருப்பவனிடம் தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகத்தைச் சொல்வதை எப்படி வரைவது? வரைந்தால் கறுப்புத் திரையும் சில புள்ளிகளும்தான் மிஞ்சும்.

3

பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் ஒரு நேர்க்கோடு. 1802 ஏப்ரல் 10 அன்று அளக்கத் தொடங்கி மே 22 அன்று முடித்தார்கள். நீளம் சுமார் 40,000 அடி, ஏழரை மைல். பின்னால் 1818இல் 'மகா திரிகோண சர்வே' என்று பெயர் பெற்று, குமரிமுனையிலிருந்து இமயம்வரை போன வேலைக்கு இதுவே தொடக்கம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நிஜமாக அளந்துவிட்டால், மற்ற பக்கங்களைக் கோணங்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடி, அது அடுத்ததற்கு. முழு தேசமும் தரையில் கிடந்த அந்த ஏழரை மைல்மேல் எழும்பி நிற்கிறது. இன்று அந்தப் பிரதேசத்தில் மடிப்பாக்கமும் மேடவாக்கமும் அடுக்குமாடிகளும் நிறைந்திருக்கின்றன. அன்று அது ஏரியும் வயலும் பொட்டலுமாக இருந்த நிலம்.

அளந்த கருவி நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தாவுக்கு வந்தது. அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, தாங்கிகள்மேல் மட்டம் பார்த்து, பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து, இழுத்து, குறித்து, எடுத்து, மறுபடி கிடத்துவது. இப்படி நானூறு தடவை. சித்திரை வைகாசி வெயிலில்.

வெப்பமானி எதற்கு? எஃகு வெயிலில் நீளும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் நூறடிச் சங்கிலி ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு நீளும். அது கண்ணுக்கே தெரியாது. நானூறு தடவை கூட்டிப் பாருங்கள், இரண்டரை அடி. சரி, இரண்டரை அடி வேண்டாம், முழுக் கோட்டிலும் ஒரே ஓர் அங்குலம் பிசகியதாக வைத்துக்கொள்வோம். அதை வழியில் எங்கும் சரிபார்க்காமல் 1,500 மைலுக்கு முக்கோணங்களாகப் பெருக்கிக்கொண்டே போனால் மறுமுனையில் பதினாறு அடிக்கு மேல் பிசகும். அதனால்தான் 1806இல் கோயமுத்தூர்ப் பக்கம் இன்னொரு அடிக்கோடு, பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஒன்று என்று வழியில் நின்று நின்று தரையில் இறங்கி அளந்து பார்த்தார்கள். கணக்கு தன்னைத்தானே நம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்கிறவனுக்கு இந்த மனநிலை தெரியும். மாலையில் ரொக்கம் டாலி ஆனால் அது செய்தியே அல்ல. ஐந்து ரூபாய் இடித்த நாள்தான் கதையாகிறது. அன்றைக்குத்தான் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். வருஷத்தில் முந்நூறு நாள் டாலி ஆனதைப் பற்றி எந்தப் பிரிவுபசார விழாவிலும் யாரும் பேசியதில்லை. பேசவும் முடியாது. நடக்காமல் போன தவறுக்கு முகம் கிடையாது.

லாம்ப்டன் சுயசரிதை எழுதவில்லை. அவர் எழுதியவை கல்கத்தாவில் வெளியான 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதிகளில் அளவைக் கட்டுரைகளாக இருக்கின்றன. பட்டியல்கள், கோணங்கள், டிகிரிகள். அவற்றில் நாயகன் கிடையாது. எழுவாய் பெரும்பாலும் சங்கிலியும் கருவியும் கோடும்தான். ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா இரண்டும் பின்வாங்கிக்கொண்டு, கருவியே எழுவாயாகிவிட்ட உரைநடை. சலிப்பூட்டுவது என்பார்கள். ஆனால் ஒவ்வொரு எண்ணும் எப்படிக் கிடைத்தது, எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லிக்கொண்டே போகும் நேர்மை அதற்கு உண்டு. எந்த வீரகதையிலும் இல்லாத நேர்மை.

லாம்ப்டனைப் பற்றி ஜனங்கள் விரும்பிச் சொல்லும் கதையோ வேறு. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் தன் கூடாரத்தில் ஆறு வாரம் அடைந்துகிடந்து, தன் கையாலேயே அதை நிமிர்த்தினார். நல்ல கதை, உண்மையும்கூட. கோயில் இருக்கிறது, விபத்து இருக்கிறது, விடாமுயற்சி இருக்கிறது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி செதுக்கப்பட்ட அதே கோயிலில் லாம்ப்டனுக்கும் ஒரு மெய்க்கீர்த்தி கிடைத்துவிட்டது. ஆனால் லாம்ப்டனின் சாதனை நசுங்கிய வட்டத்தை நிமிர்த்தியதல்ல. நிமிர்த்திய பிறகும் அது காட்டும் கோணத்தை முழுவதும் நம்பாமல், வட்டத்தின் வேறுவேறு பாகங்களில் திரும்பத் திரும்பப் படித்துச் சராசரி எடுத்தது. முதலாவதைச் சொல்ல ஒரு பத்தி போதும். இரண்டாவதைச் சொல்ல அவருடைய வாழ்க்கை முழுவதும் வேண்டும்.

1823இல், இன்றைய மஹாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவே அவர் இறந்தார். அவர் உதவியாளராக வந்து சேர்ந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். அவர் 1843இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு, 1856இல், பதினைந்தாம் எண் சிகரத்தின் உயரத்தை அறிவித்த ஆண்ட்ரூ வா அதற்குத் தன் முன்னவர் பெயரைச் சூட்டச் சொன்னார். இந்த தேசத்து மொழிகளில் அந்தப் பெயர் வாயில் நுழையாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தார். 1865இல் பெயர் நிலைத்துவிட்டது. அவர் தன் பெயரை உச்சரித்தது ஈவ்ரெஸ்ட் என்று. பீடத்தில் இருப்பவருக்கே பீடத்தில் பொறித்த பெயர் பொருந்தவில்லை.

4

சரி, எவரெஸ்டை இறக்கி லாம்ப்டனை ஏற்றுவோம். உடனே ஒரு சிக்கல் வருகிறது. லாம்ப்டனுக்குப் பின்னால் ஜோஷுவா டி பென்னிங் இருக்கிறார். மதராஸ் சர்வே பள்ளியில் பயின்ற பையனாக லாம்ப்டனிடம் வந்து, கோணம் படித்து, முக்கோணம் கணக்கிட்டு, பின்னால் கல்கத்தாவில் கணக்கீட்டு அலுவலகத்தையே நடத்தியவர். எவரெஸ்டுக்குப் பின்னால் ஆற்காட்டுக்காரர் சையது மீர் மோசின் உசேன் இருக்கிறார். மதராஸில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர், எவரெஸ்டின் கருவிகளையெல்லாம் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவராகி, லண்டனிலிருந்து தருவித்த வல்லுநர் போன பிறகு, 1843இல் சர்வேயின் கருவி வினைஞர் பதவிக்கே வந்தார். இவர்களுக்குப் பின்னால் குன்றின் உச்சியில் கொடியோடு நின்றவர்கள், இரவில் விளக்கேந்தியவர்கள், தியோடலைட்டைத் தோளில் சுமந்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

ஆக, மறக்கப்பட்டவரைத் தேடும் பாதைக்கு முடிவு கிடையாது. ஒருவரைக் கண்டெடுக்கும் அதே அசைவில் அவருக்குப் பின்னால் நிற்பவர் நிழலுக்குள் தள்ளப்படுகிறார். வெளியே தெரியாமை என்பது சில நபர்களுக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. கதை சொல்லும் ஒரு முறை உற்பத்தி செய்யும் பண்டம்.

ராதாநாத் சிக்தாரை நாம் மீட்டெடுத்த விதம் இதற்கு நல்ல சாட்சி. கல்கத்தாக்காரர், 1831இல் கணக்கராகச் சேர்ந்தவர், இமயச் சிகரங்களின் கணக்கு அவருடைய மேற்பார்வையில் நடந்தது. 2004இல் தபால்தலைகூட வெளியிட்டார்கள். ஆனால் அவரைப் பற்றி நமக்கு மனப்பாடமான காட்சி எது? 1852இல் ஒரு நாள் அவர் மேலதிகாரியின் அறைக்குள் ஓடிவந்து, உலகத்திலேயே உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவினார் என்பது. அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது, நடந்திருக்கவும் முடியாது. ஆறு இடங்களிலிருந்து எடுத்த கோணங்கள், காற்றில் ஒளி வளைவதற்கான திருத்தம், வருஷக்கணக்கான கூட்டல் கழித்தல். அதன் விடை ஒரு நாள் காலையில் வந்து குதிப்பதில்லை. கணக்கு எழுதியவரைக் கௌரவிக்க வேண்டும் என்று நினைத்தோம். அவர் செய்த காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு நாடகக் காட்சியைக் கொடுத்தோம்.

அதே ராதாநாத்தைப் பற்றி ஆவணத்தில் நிற்கும் செய்திகள் இரண்டு உண்டு. சர்வே கூலிகளைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய டேராடூன் மாஜிஸ்ட்ரேட்டை 1843இல் எதிர்த்து நின்று, 200 ரூபாய் அபராதம் கட்டினார். அதாவது தனக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, 1851இல் வந்த சர்வே கையேட்டின் கணிதப் பகுதிகளை அவர் எழுதினார். முதல் இரண்டு பதிப்புகளின் முன்னுரையில் அதற்கு நன்றி சொல்லியிருந்தது. 1870இல் அவர் இறந்தார். 1875இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவருடைய அத்தியாயங்கள் இருந்தன; பெயர் இல்லை. இவ்விரண்டும் ஓடிவந்து கூவும் காட்சியைவிட எவ்வளவு கனமானவை! ஆனால் பரவியிருப்பது கூவல்தான்.

சிகரத்தின் உயரத்தைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. சராசரி சரியாக 29,000 அடி வந்ததாம். அப்படியே வெளியிட்டால் உருண்டையாகச் சொன்ன உத்தேசம் என்று எண்ணுவார்கள் என்பதால் இரண்டைச் சேர்த்து 29,002 என்று அறிவித்தார்களாம். கதை உண்மையோ இல்லையோ, அது சொல்லும் மனோபாவம் உண்மை. வாசகனுக்கு வேண்டியது துல்லியம் அல்ல, துல்லியத்தின் தோற்றம். மீட்டர் கணக்கில் அந்த எண் சுமார் 8,840. நேபாளமும் சீனாவும் 2020இல் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86. நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்று பார்த்துச் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்பது மீட்டர். இந்த ஒன்பது மீட்டர்தான் அந்தக் கணக்கர்களின் பெருமை. சேர்க்கப்பட்ட அந்த இரண்டு அடி அல்ல.

5

இதெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கலாம். நமது விமர்சனம் மெய்க்கீர்த்தி மரபிலிருந்து இன்னும் வெளிவரவில்லை என்பதற்காகத்தான்.

ஒரு கவிஞனைப் பற்றி எழுதும்போது நாம் தேடுவது கணத்தை. அவன் மரபை உடைத்த கணம், வேலையை உதறிய கணம், பட்டினி கிடந்த கணம். கவிதைக்குள் அவன் ஒரு சொல்லை வைத்து, சந்தேகப்பட்டு, எடுத்து, வேறொன்றை வைத்து, மறுபடி முதல் சொல்லுக்கே வந்த சலிப்பான வேலைக்கு விமர்சனத்தில் வாக்கியமே இல்லை. அது சங்கிலியைக் கிடத்தி எடுக்கும் வேலை, நானூறு தடவை. மொழிபெயர்ப்பாளனை, பதிப்பாசிரியனை, மெய்ப்புப் பார்த்தவனை நாம் மறப்பது நன்றி கெட்டதனத்தால் மட்டுமல்ல. அவர்கள் செய்த காரியத்தைச் சொல்வதற்கான உரைநடை நம்மிடம் இல்லை. ஒருநாள் திடீரென்று நினைவு வந்து அவர்களைக் கொண்டாடும்போதும், அவர்களுடைய வறுமையையும் தியாகத்தையும்தான் கொண்டாடுகிறோம். எந்த ஏட்டில் எந்தப் பாடத்தை ஏன் தள்ளினார்கள் என்பதை அல்ல.

அதைவிட முக்கியம், நமது விமர்சனத் தீர்ப்புகளின் தொனி. 'மகத்தான படைப்பு', 'தமிழின் ஒரே நாவல்' - எல்லாம் 29,002. எத்தனை மைலுக்குள் இந்தத் தீர்ப்பை நம்பலாம் என்று எந்த விமர்சகனும் சொல்வதில்லை. சொன்னால் பலவீனம் என்று நினைக்கிறான். வொர்ஸ்லி அப்படி நினைத்திருந்தால், தீவைப் பார்க்காமலேயே படகு தாண்டிப் போயிருக்கும். சந்தேகம் வேறு, தயக்கம் வேறு. தயக்கம் அளவில்லாதது, அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. அளவு சொல்லப்பட்ட சந்தேகம் ஒரு கருவி. அதை வைத்து எந்தக் கரைக்குப் போவது என்று தீர்மானிக்கலாம்.

ஒரு ஆட்சேபம் எழலாம்: கணக்கும் பட்டியலும் யாரை உருக்கும்? மனிதர்களுக்குக் கதை வேண்டாமா? வேண்டும்தான். கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. படகின் கதையைச் சொல்லும்போது பத்து மைல் என்ற சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னால் கதை பலவீனப்படுவதில்லை. மேற்குக் கரைக்கு ஏன் போனார்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது. அது இல்லாத கதையில் ஷாக்கிள்டனின் முடிவு வெறும் துணிச்சலாகிவிடுகிறது. வொர்ஸ்லியின் கண் வெறும் வரப்பிரசாதமாகிவிடுகிறது. இரண்டு பேருக்குமே அது அநியாயம். ஏவியவனுக்கும் இயற்றியவனுக்கும் இடையில் அன்றைக்கு நடந்தது ஒரு சம்பாஷணை: ஒருவன் தனக்குத் தெரியாததன் அளவைச் சொன்னான், மற்றவன் அதைக் காதில் போட்டுக்கொண்டான். பெயர்டும் கடைசியில் திசைகாட்டியைப் பார்த்தார் என்பதை மறக்க வேண்டாம். கேட்கத் தெரிந்த தலைமை அபூர்வம்தான். ஆனால் அதையும் வீரம் என்ற பொதுப் பெயரில் கரைத்துவிட்டால், அடுத்த படகில் ஏறுகிறவன் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

ஆகவே இந்த வட்டாரத்துக்காரர்களிடம் நான் கேட்பது பரங்கிமலையிலோ பெரும்பாக்கத்திலோ இன்னொரு விழா அல்ல. அந்த ஏழரை மைலை அளந்த அட்டவணைகளில் ஒரு பக்கத்தையாவது, சங்கிலி எண், வெப்பநிலை, திருத்தம் என்று, உட்கார்ந்து படிக்க வேண்டும். சர்வே கையேட்டின் மூன்று பதிப்புகளையும் ஒரே மேஜையில் வைத்து முன்னுரைகளை வரிவரியாக ஒப்பிட வேண்டும். எந்த வரி எந்த வருஷம் காணாமல் போனது என்று அப்போது தெரியும். நம் மொழியின் புத்தகங்களையும் அதே மாதிரி பதிப்புப் பதிப்பாக எடுத்துவைத்துப் பார்க்கலாம்.